கிறிஸ்தவக் காதல் நாவலுக்கு நாயகனும் நாயகியும்: முதல் முறை எழுதுவோருக்கு

வழக்கமான ஒரு காதல் கதையை எடுத்து, நாயகி கையில் பைபிளைக் கொடுத்து, நாயகனை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அனுப்பிவிட்டால் கிறிஸ்தவ நாவல் ஆகிவிடும் என்று நினைத்துத்தான் பலர் தொடங்குகிறார்கள். கதை பழையதாகவே இருக்கும், உடுப்பு மட்டும் மாறியிருக்கும். உங்கள் பிரதியும் அப்படி ஆகிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஜெபம், வசனம், கோயில் வருகிற வரிகளையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டு மீதியை வாசியுங்கள். கதை எங்கும் இடறாமல் ஓடினால் விசுவாசம் கதைக்குள் இறங்கவே இல்லை. விசுவாசம் இருக்கிற காரணத்தால் இந்த இரண்டு பேரும் எதையாவது கைவிட்டாக வேண்டும். அது இல்லாத இன்னொருவர் நிச்சயம் எடுத்திருக்க மாட்டார் என்று சொல்லும்படி ஆளுக்கு ஒரு முடிவாவது எடுக்க வேண்டும். கீழே வருகிற படிகள் அத்தனையும் அந்த முடிவைத் தயார் செய்வதற்குத்தான்.

அளவை முதலில் வைத்துக்கொள்வோம். 50,000 முதல் 55,000 சொற்கள், 20 முதல் 24 அத்தியாயங்கள். அமெரிக்காவில் இந்த வகைக்கென்றே தனிச் சந்தை இருக்கிறது. ஹார்லிகுவின் நிறுவனத்தின் ‘லவ் இன்ஸ்பயர்ட்’ வரிசை 1997-இல் இருந்து வருகிறது, அங்கேயும் ஏறக்குறைய இதே நீளம்தான். நீளத்தையும் கட்டுக்கோப்பையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆட்களை மட்டும் அங்கிருந்து இறக்குமதி செய்ய வேண்டாம். பனிமலைக் குடிலில் சாக்லேட் குடிக்கிற ஜோடியை நம் வாசகர் நம்ப மாட்டார்.

எடுத்துக்காட்டுக்காகத் தூத்துக்குடியில் ஒரு ஜோடியைப் படிப்படியாகக் கட்டிக்கொண்டே போவோம். நாயகி கிருபா, நாயகன் ஜூடு.

படி 1: எந்தத் திருச்சபை?

‘கிறிஸ்தவக் குடும்பம்’ என்று மொட்டையாக எழுதினால் ஆள் உருவாக மாட்டார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், லுத்தரன், ஏதாவது ஒரு பெந்தெகொஸ்தே சபை என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். பெயர், பேச்சு, உடை, நகை, சாப்பாடு, கல்யாணம் வைக்கிற மாதம் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

பெயரைப் பாருங்கள். மரிய, அந்தோணி, ஆரோக்கிய, சூசை, லூர்து என்று தொடங்கினால் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஞான, ஜெப, கிருபை, தேவ என்று வந்தால் பெரும்பாலும் சீர்திருத்தச் சபை. தூத்துக்குடி கடற்கரையில் பர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ போன்ற பெயர்கள் 1530-களில் போர்த்துகீசியர் காலத்துத் திருமுழுக்கிலிருந்து வருபவை. தாத்தா சூசை, அப்பா அந்தோணி, பேரன் ஜூடு என்று தலைமுறைக்கு ஏற்ப மாற்றுங்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ‘பாக்கியம்மாள்’ என்று வைத்தால் அதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

பேச்சிலும் அதே கவனம் வேண்டும். சி.எஸ்.ஐ. வீட்டில் கர்த்தர், பரிசுத்த ஆவி, ஐயர் (அவர்கள் போதகரை அழைப்பது இப்படித்தான்), ஆராதனை. கத்தோலிக்க வீட்டில் ஆண்டவர், தூய ஆவி, ஃபாதர் அல்லது சாமி, பூசை. பெந்தெகொஸ்தே வீட்டில் பாஸ்டர், சபை, எடுத்த எடுப்பிலேயே ஸ்தோத்திரம். கத்தோலிக்கர் கையில் பெரும்பாலும் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கும். அவர் வாயில் பழைய மொழிபெயர்ப்பின் வசனத்தைப் போட்டால் விவரம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஜெபமாலை உருட்டுகிற பாட்டி, சாப்பிடும் முன் சிலுவை அடையாளம் போடுகிற கை, சில பெந்தெகொஸ்தே சபைகளில் பொட்டுத் தங்கம்கூட இல்லாத மணப்பெண் என்று இப்படிக் கண்ணில் படுகிறவற்றைக் காட்டினால் போதும், சபை வரலாறு எழுத வேண்டியதில்லை.

நம் ஜோடியில் கிருபா சி.எஸ்.ஐ., ஜூடு பர்னாந்து கத்தோலிக்கர்.

படி 2: வேலையும் நாள்காட்டியும்

நாயகி நர்ஸ், நாயகன் மிஷனரி டாக்டர். இந்த இரண்டையும் கொஞ்ச காலம் ஓய்வெடுக்க விடலாம். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது அது கதைக்கு ஒரு கால அட்டவணை தருமா என்று பாருங்கள்.

ஜூடுவுக்கு வயது 30. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில்தான் என்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள், பட்டறைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கிருபாவுக்கு வயது 27. உதவிபெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவள். மே மாதம் அவளுக்கு விடுமுறை. அவள் சும்மா இருக்கும் காலத்தில்தான் அவனுக்கு நேரமே இல்லை. இருவரும் சந்திக்க முடியாமல் போக நீங்கள் தனியாகக் காரணம் தேட வேண்டாம்.

வருடத்தை முடிவு செய்து அந்த வருடத்து நாள்காட்டியை எதிரில் வையுங்கள். 2025 என்றால் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் ஏப்ரல் 17, தடைக்காலத்தின் மூன்றாம் நாள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு முன் கிருபாவின் கோயில் ஜெனரேட்டர் படுத்துவிடுகிறது. டீசல் என்ஜின் தெரிந்தவன் என்று யாரோ ஜூடுவைக் கூட்டி வருகிறார்கள். உள்ளே பாடகர் குழு ஒத்திகை, வெளியே அவன் என்ஜினை ஓட்டிப் பார்க்கும் சத்தம். முதல் சந்திப்பு தானாகவே சண்டையில் தொடங்கும். கதை ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவில் முடியலாம். அதன் கொடியேற்றம் ஜூலை 26. தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். லெந்து நாட்களில் மேளதாளத்தோடு கல்யாணம் நடத்திய நாவல்கள் உண்டு.

ஊர் நிஜமாக இருக்கட்டும், கோயிலும் பள்ளியும் கற்பனையாக இருக்கட்டும். இல்லையென்றால் ‘அது எங்க ஐயரைப் பத்தித்தானே’ என்று ஒரு கூட்டம் வரும்.

படி 3: உள்ளே இருக்கும் ஓட்டை

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள் கேட்டு, விடையை ஒரு பத்திக்குள் எழுதிக்கொள்ளுங்கள். கடவுளைப் பற்றி இவர் வெளியே என்ன சொல்கிறார்? உள்ளுக்குள் உண்மையில் என்ன நம்புகிறார்? இரண்டும் வேறானது எந்த நாளில்?

கிருபாவின் அம்மா புற்றுநோயில் கிடந்தபோது சபையே 21 நாள் உபவாசம் இருந்தது. 22-ஆம் நாள் அடக்கம். அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கீபோர்டு வாசிக்கிறாள், ஒரு நாள்கூட ஜெபிப்பதில்லை. யாருக்கும் தெரியாது. ஜூடுவின் அப்பா குடியால் போனவர். ஜூடுவும் ஒரு காலத்தில் குடித்தான். விபத்தில் பிழைத்த அன்று மாதா கோயிலில் நேர்ச்சை வைத்தான், ஐந்து வருடமாகத் தொடவில்லை. ஆனால் அவனுக்குக் கடவுள் கடன் கொடுத்தவர் மாதிரி, தவணை தவறினால் வந்துவிடுவார் என்ற பயம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேரும் கடவுளோடு கொடுக்கல்வாங்கல் வைத்தவர்கள். ஒருத்தி கணக்கை மூடிவிட்டாள், இன்னொருவன் இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறான். நாயகனுக்கும் நாயகிக்கும் ஒரே கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்து கொடுத்தால் அவர்கள் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் கதையை நகர்த்தும். அவனுக்குக் கோபம், அவளுக்குத் தாழ்வு மனப்பான்மை என்று தொடர்பில்லாத இரண்டு குறைகளைக் கொடுத்தால் இரண்டு கதைகளை மாறி மாறி எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அடிக்கடி நடக்கும் கோளாறு: நாயகிக்குக் குறையே வைக்காமல் விடுவது. நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான ஸ்திரீயைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுகிறார்கள். அந்த அதிகாரத்துப் பெண்ணே நிலம் விசாரித்து வாங்குகிறாள், வியாபாரம் பார்க்கிறாள், இரவில் விளக்கை அணைக்காமல் வேலை செய்கிறாள். நம் நாவல்களின் குணசாலிகளோ ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடுவதோடு சரி.

படி 4: விலை கொடுக்க வைக்கும் முடிவு

ஜூடு அவசரத்தில் ஒரு படகு என்ஜினுக்குப் பழைய ஹெட் கேஸ்கெட்டையே (என்ஜின் மூடிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) திரும்பப் போட்டுவிடுகிறான். தடைக்காலம் முடிந்து படகு புறப்பட்ட முதல் வாரத்திலேயே நடுக்கடலில் என்ஜின் சூடேறி நின்றுவிடுகிறது. இன்னொரு படகு கட்டி இழுத்து வருகிறது, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீசல் கலப்படம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொல்வது அவனுக்கு எளிது. படகுக்காரரிடம் சொல்ல வேண்டும், நஷ்டத்தைக் கட்ட வேண்டும். கட்டினால் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போய்விடும், பட்டறையின் பெயரும் போகும். அவன் சொல்கிறான், கட்டுகிறான். விசுவாசத்தை அடித்துவிட்டு இந்த இடத்தை வாசித்துப் பாருங்கள், கதை உடைந்துவிடும்.

கிருபாவுக்கு வேறு விதமான விலை. ஜூடுவின் அம்மா, ‘எங்க கோயில்ல சேர்ந்துரு தாயி, சும்மா ஒரு சடங்குதான’ என்கிறார். அவளுக்கு அது மிக எளிது. மூன்று வருடமாக நடித்துக்கொண்டிருப்பவள்தானே. அவள் மறுக்கிறாள். தனக்கு ஜெபம் நின்றுபோனதை அவன் அம்மாவிடமும் தன் அப்பாவிடமும் ஒரே வாரத்தில் சொல்கிறாள். வரவிருந்த கல்யாணம் அதனால் தள்ளிப்போகிறது.

இந்த இரண்டு முடிவுகளையும் ‘அவளுக்காக’, ‘அவனுக்காக’ எடுக்க வைக்காதீர்கள். கல்யாணமே நடக்காது என்று தெரிந்தாலும் அதே முடிவைத்தான் எடுப்பார்கள் என்ற அளவுக்குக் காரணம் தனியாக நிற்க வேண்டும்.

படி 5: தடை எங்கே இருக்கிறது?

தப்பாகப் புரிந்துகொண்டு பிரிவது, கடிதம் கைமாறிப் போவது, மாடியிலிருந்து பாதி மட்டும் கேட்பது எல்லாம் வேண்டாம். நம்மிடம் நிஜமான தடைகளுக்குப் பஞ்சமில்லை.

கத்தோலிக்கர் ஒருவர் வேறு திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கும் வளர்ப்பும் தரத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு இன்னொருவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இது. அந்தத் தாளைக் கிருபா வாசிக்கிற காட்சி ஒன்றே இரண்டு அத்தியாயத்துக்குப் போதும். அடுத்து ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் சொல்லி, ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கச் சொல்வார்கள். முதல் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவே ஊர் வாய் சும்மா இருக்காது.

பிறகு சாதி. இதைத் தொடாமல் தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணத்தை எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது. இந்தக் கடற்கரையின் கத்தோலிக்கர் பெருமளவு பரதவர், உள்ளே தேரி எனும் செம்மணல் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் பெருமளவு நாடார். கிருபாவின் பெரியப்பா ‘சபை வேறல்லா’ என்பார். ஜூடு நாளைக்கே சி.எஸ்.ஐ.யில் சேர்கிறேன் என்றாலும் அவர் முகம் மாறாது. அந்த முகத்தை எழுதுங்கள், உரையாடலில் சாதிப் பெயரைச் சொல்லவே வேண்டியிராது.

தடையை எப்படித் தாண்டுவது என்பதற்கு பைபிளின் ரூத் புத்தகத்தைப் படியுங்கள், நான்கே அதிகாரம். விதவையான ரூத்தை மணக்க நினைக்கும் போவாசுக்கு முன்னால் உரிமையுள்ள இன்னொரு உறவுக்காரன் இருக்கிறான். போவாஸ் அவனை ஏமாற்றுவதில்லை, அவன் விலகட்டும் என்று காத்துக்கொண்டிருப்பதும் இல்லை. விடிந்ததும் பட்டண வாசலில் போய் உட்கார்ந்து, பத்து மூப்பர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, விவகாரத்தை வெளிப்படையாகப் பேசுகிறான். ஜூடு பெரியப்பா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவருக்கு மாரடைப்பு வந்து மனம் மாறுவது வேண்டாம்.

படி 6: ஈர்ப்பு

இந்த வகையில் கல்யாணத்துக்கு முன் உடலுறவு இல்லை, படுக்கையறைக் காட்சியும் இல்லை. அதனால் ஈர்ப்பே இல்லாமல் எழுதிவிடுகிறார்கள். நாயகன் ஒன்பதாம் அத்தியாயம் வரை அவளை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பத்தாம் அத்தியாயத்தில் காதல் எப்படி வரும்?

தொடுவதற்குப் பதில் கவனிப்பதைக் கொடுங்கள். ஜூடு அவளை எப்போதும் ‘டீச்சர்’ என்பான். முதல் முறை ‘கிருபா’ என்று சொல்லும் இடத்தைப் பாதிக் கதைக்குமேல் தள்ளி வையுங்கள், அதுவே ஒரு காட்சி. நகத்தடியில் போகாத கிரீஸுக்காக அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை அவள் பார்க்கிறாள். போவாஸ் ரூத் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடச் சொல்கிறான், ஆறு படி வாற்கோதுமை அளந்து கட்டிக் கொடுக்கிறான். அந்த அளவுக்குத் துல்லியமான ஒரு பொருள் உங்கள் கதையிலும் கைமாறட்டும்.

படி 7: ஜெபமும் பேச்சும்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கே. இந்த மாதிரி எழுதுவார்கள்:

“கவலைப்படாதே கிருபா. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று ரோமர் 8:28 சொல்கிறதே! கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார்” என்றான் ஜூடு.

மூன்று கோளாறு. கத்தோலிக்க மெக்கானிக் அதிகாரம், வசன எண் சொல்லிப் பேசமாட்டான். சொற்கள் அவன் பைபிளில் உள்ளவை இல்லை. எல்லாவற்றையும்விட, அவள் காயத்துக்கு இரண்டு வரியில் மருந்து போட்டுக் கதையை முடித்துவிட்டான். திருத்தினால்:

“இருபத்தோரு நாள் உபவாசம். சபையே இருந்துச்சு. மறுநாள் அடக்கம்.”

ஜூடு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அதுக்கப்புறம் வாசிக்க மட்டும் செய்யேன். கண்ண மூடுனா எல்லாரும் ஜெபிக்கேன்னு நெனைக்காங்க.”

“நீங்க என்ன நெனைப்பீங்க?”

“அடுத்த பாட்டு எந்த ஸ்கேல்னு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளுக்கும்.

“எனக்கு இதுக்குப் பதில் தெரியாது டீச்சர்” என்றான்.

இதில் வசனம் இல்லை, ஆனால் விசுவாசத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நாவல் முழுக்க நேரடி வசனம் எட்டு, பத்துக்குமேல் போகாமல் பாருங்கள். ஒரு ஜெபம் ஐந்து வரிக்குள் முடியட்டும், பாதியில் நின்றால் இன்னும் நல்லது. ஒரு ஜெபமாவது கேட்கப்படாமல் போக வேண்டும். ஜெபித்த அடுத்த பக்கத்தில் பணம் வந்து சேரும் காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெந்தெகொஸ்தே பின்னணி என்றால் ஒரு எச்சரிக்கை. ‘கர்த்தர் எனக்கு உன்னைக் காட்டினார்’ என்று நாயகன் சொல்வதைக் காதல் அறிவிப்பாக எழுதாதீர்கள். நிஜத்தில் பல பெண்களுக்கு அது மறுக்க முடியாத நெருக்கடி. நாயகி ‘எனக்கு இன்னும் காட்டலியே’ என்று சொல்லட்டும், கதை அங்கிருந்து சூடு பிடிக்கும்.

ஐயரையோ பாஸ்டரையோ கருத்து சொல்வதற்கென்று உட்கார வைக்க வேண்டாம். ஜெனரேட்டர் பில்லை யார் கட்டுவது என்று கவலைப்படுகிற ஐயர் ஒருவர் இருந்தால் அவரும் ஆளாகிவிடுவார்.

ஒருவர் கிறிஸ்தவர் இல்லையென்றால்

‘அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக’ என்ற 2 கொரிந்தியர் 6:14 விசுவாசக் குடும்பங்களில் உடனே வெளியே வரும். எழுதுகிறவர் தப்பிக்கும் வழி, கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் நாயகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது. கல்யாணத்துக்காக மாறியவன் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். மனமாற்றம் வேண்டுமென்றால் அதற்கு அவள் சம்பந்தப்படாத தனிக் காரணம் வேண்டும், அவளை இழந்த பிறகும் அவன் அதில் நிற்பதைக் காட்ட வேண்டும், குறைந்தது ஐந்தாறு அத்தியாயம் ஆக வேண்டும். மாறாமலே மணந்தால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் 30 நாள் அறிவிப்பும் கதைக்குள் வரலாம். எப்படி இருந்தாலும் அவன் வீட்டு இந்துத் தாயை இருட்டில் இருப்பவராக வரையாதீர்கள். அவர் சாமியறையில் செலவழிக்கும் நேரம் உங்கள் நாயகியின் ஜெபத்தைவிட அதிகமாக இருக்கலாம். அதை நாயகியே கவனிக்கட்டும்.

அத்தியாயக் கணக்கு

22 அத்தியாயம் என்று வைத்தால், சந்திப்பு 1-இல், ஓட்டையின் முதல் சாடை 3-க்குள். இருவர் பார்வையிலும் மாறி மாறி எழுதுங்கள், பங்கு அறுபதுக்கு நாற்பது. கிருபா உண்மையை அவனிடம் சொல்வது 11-இல். கேஸ்கெட் விவகாரம் 15-இல் தொடங்கி அவன் பணம் கட்டுவது 17-இல். அவள் மறுப்பது 18, 19-இல். பெரியப்பா வீட்டு வாசல் 20. ஓலை 21. கல்யாணத்தைக் காட்டித்தான் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கிருபாவுக்குப் பழைய மாதிரி ஜெபம் திரும்பி வந்தாக வேண்டும் என்றும் இல்லை.

முதல் பிரதி முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் நாயகியின் சபைக்காரர், இன்னொருவர் நாயகனின் சபைக்காரர். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ‘எங்க ஆளுங்க இப்படிப் பேச மாட்டாங்க’ என்று தோன்றுகிற இடங்களில் மட்டும் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு அத்தியாயத்தில் ஐந்து புள்ளிக்குமேல் வந்தால் வரிகளைத் திருத்தி நேரத்தை வீணாக்காமல் முதல் படிக்கே திரும்பிப் போங்கள்.